புயலைப் படித்த மாலுமி

வங்கக் கடலில் எழும் புயல் தமிழகக் கரையைக் கடந்தால், கடலே காணாத செங்கத்திலும் மழை கொட்டும். சவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு பெருகி ஓடும்.

அந்தப் புயலை ஆராய்ந்தவர் ஹென்றி பிடிங்டன். 1797-ல் இங்கிலாந்தில் பிறந்தார். கப்பல் தலைவராக இருந்து, பிறகு கல்கத்தாவில் தங்கினார். புயலில் சிக்கிய கப்பல்களின் குறிப்பேடுகளைத் திரட்டினார். காற்று வட்டமாகச் சுழல்வதை விளக்கினார். பாம்புச் சுருளை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து "சைக்ளோன்" என்று பெயரிட்டார். மாலுமிகள் தப்பும் வழியை நூலாக எழுதினார்.

கல்கத்தாவுக்குத் தெற்கே, மாத்லா ஆற்றங்கரையில் துறைமுகம் அமைக்க அரசாங்கம் திட்டமிட்டது. புயலில் கடல் பொங்கி அதை அழிக்கும் என்று 1853-ல் எச்சரித்தார். அரசாங்கம் கேட்கவில்லை.

1858-ல் பிடிங்டன் காலமானார். துறைமுகம் எழுந்தது. 1867-ல் புயல் வந்தது, துறைமுகம் சிதைந்தது. சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டார்கள்.

எச்சரிக்கை சொன்னால் மட்டும் போதுமா? கேட்டு நடந்தால்தானே உயிர் பிழைக்கும்!