டாக்டர் ஆல்காக்கும் சேற்று நட்சத்திரங்களும்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கிழக்கே போய்க்கொண்டே இருந்தால் கடல் வரும் என்பது சென்னீர்குப்பத்துச் சிறுமிக்கும் தெரியும். ஆனால் கடற்கரைக்குப் போகும் நாம் அலையைப் பார்க்கிறோம், கால் நனைக்கிறோம், சுண்டல் தின்கிறோம். கடலின் தரையை நினைப்பதில்லை. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் இழுவலைப் படகுகள் வந்து சேரும் நேரத்தில் போனவர்கள் அந்தத் தரையின் ஒரு துளியைப் பார்த்திருப்பார்கள். மீனையும் இறாலையும் கூடையில் பொறுக்கிய பிறகு, யாரும் விலை கேட்காத கழிவுக் குவியலில், சேறு பூசிய ஐந்து கை நட்சத்திர மீன்கள் கிடக்கும். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தால் ஒரு வியப்பு. நட்சத்திர மீனின் குழாய்க்கால்கள் நுனியில் உறிஞ்சுதட்டு கொண்டு பாறையைப் பற்றும் என்று பாடநூலில் படித்திருக்கிறோம். இதற்கோ உறிஞ்சுதட்டே இல்லை. கால்கள் எழுதுகோல் முனைபோல் கூராக இருக்கின்றன. பாறையில் வாழாமல் மணலிலும் சேற்றிலும் புதைந்து வாழும் தனிக் குலம் இது.

நம் நாட்டுக் கடல்களின் அடியாழச் சேற்றிலிருந்து இக்குலத்தாரை எடுத்து, உற்று நோக்கி, பெயரிட்டவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் ஆல்ஃப்ரட் வில்லியம் ஆல்காக். இவ்வாண்டு நம் மலருக்காக அவருடைய வாழ்க்கையைத் தேர்ந்துகொண்டோம்.

ஆல்காக் 1859ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். தந்தை கப்பல் தலைவர். மகனை இங்கிலாந்தில் நல்ல பள்ளிகளில் சேர்த்துப் படிக்க வைத்தார். 1876இல் குடும்பத்துக்குப் பெரும் பண நட்டம் ஏற்பட்டது. பதினேழு வயதுப் பையனின் படிப்பு நின்றது. வயநாட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த உறவினரிடம் அவரை அனுப்பிவிட்டார்கள். கட்டணம் கட்ட வழியின்றிப் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளை நம்மில் பலர் அறிவோம். அந்த வீட்டில் அன்று நிலவிய மௌனத்தை ஊகிப்பது கடினமன்று.

வயநாட்டிலும் காலம் சாதகமாக இல்லை. இலைநோயும் தண்டுதுளைப்பானும் தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. மலபார்க் காடுகளில் சுற்றித் திரிந்தது ஒன்றே அவருக்கு மிச்சம். பிறகு கல்கத்தாவில் ஒரு தரகு நிறுவனத்தில் எழுத்தர் வேலை பார்த்தார். அதன்பின் புரூலியாவில், அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலியாட்களைச் சேர்த்து அனுப்பும் முகவராக இருந்தார். இந்தக் கடைசி வேலையைப் பற்றி மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். இலங்கை மலைத்தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்துப் போன கதை நம் தமிழ்க் குடும்பங்களில் இன்னும் மறக்கப்படவில்லை. ஆல்காக் அதே வகையான தொழிலில்தான் சில காலம் பிழைத்தார். பெரியோர் வாழ்க்கையை எழுதும்போது இத்தகைய பக்கங்களைக் கிழித்துவிடுவது வழக்கம். நாம் அப்படிச் செய்யவில்லை.

புரூலியாவில் இருந்தபோது ஒரு நண்பர் விட்டுச்சென்ற சிறிய பாடநூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. கேம்பிரிட்ஜில் கற்பித்த மைக்கேல் ஃபாஸ்டர், தொடக்க நிலை மாணவர்களுக்காக எழுதிய உடலியல் நூல் அது. அதைப் படித்து முடித்த இளைஞரின் எண்ணம் வேறு பக்கம் திரும்பியது. டார்ஜிலிங்கில் ஒரு சிறுவர் பள்ளியில் கொஞ்ச நாள் ஆசிரியராக இருந்துவிட்டு, 1881இல் ஸ்காத்லாந்து சென்று அபர்டீன் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவரானார். பள்ளியை விட்டு ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. 1885இல் மருத்துவப் பட்டம் பெற்று, இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, வடமேற்கு எல்லையில் பஞ்சாபியப் படைப்பிரிவுகளின் மருத்துவராகப் பணியாற்றினார்.

1888இல் வந்த புதிய நியமனம்தான் அவர் பெயரை நிலைநாட்டியது. இன்வெஸ்டிகேட்டர் என்பது 1881இல் பம்பாய்க் கப்பல்கட்டும் தளத்தில் உருவான, பக்கச் சக்கரங்களால் ஓடும் மரக் கப்பல். கடலின் ஆழத்தை அளந்து கப்பலோட்டிகளுக்கு வரைபடம் தயாரிப்பதே அதன் தொழில். அதில் மருத்துவராகவும் இயற்கை ஆய்வாளராகவும் ஒருவரை வைத்திருந்தார்கள். அவருக்கு முதல் கடமை மாலுமிகளின் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். அளவைப் பணிக்கு இடையூறு இல்லாத நேரத்தில்தான் வலை இறக்கலாம். நான்கு ஆண்டுகள் ஆல்காக் அந்தக் கப்பலில் சென்றார். சோழமண்டலக் கரை, அந்தமான், இலட்சத்தீவு என்று மழையில்லாத மாதங்களெல்லாம் கடலில் கழியும். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் கரைக்கு வந்து, கொண்டுவந்தவற்றைக் கல்கத்தா அருங்காட்சியகத்தில் ஆராய்வார்கள்.

நம் மீனவர்கள் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வார்கள். ஒரு பாகம் ஆறடி. இன்வெஸ்டிகேட்டர் ஆயிரம் பாகத்துக்கும் மேற்பட்ட ஆழத்தில் வலை இழுத்தது. வலை அடியைத் தொடுவதற்கே நெடுநேரம் ஆகும். மேலே வருவதற்கு அதைவிட நேரம். பாதி வழியில் வடம் அறுந்தால் அன்றைய உழைப்பு வீண். நல்லபடியாக வந்தால் தளத்தில் குளிர்ந்த சேறு கொட்டும். வங்காள விரிகுடாவின் ஆழங்களில் அந்தச் சேற்றில், குளோபிஜெரினா என்னும் நுண்ணுயிர்களின் ஓடுகளும் காலங்காலமாகப் படிந்து கலந்திருக்கும். அதை வாளி வாளியாகக் கழுவிச் சலித்தால் இறாலும் நண்டும் குருட்டு மீனும், சில நாள் நட்சத்திரங்களும் கிடைக்கும்.

சேற்றில் வாழ்வதென்றால் என்ன என்று சற்று எண்ணிப் பார்ப்போம். மூச்சுவிடும் மென்தோல் மணலால் அடைபட்டுப் போகுமே! இக்குலத்து நட்சத்திரங்களின் முதுகில் இதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. குட்டையான சுண்ணாம்புத் தூண்கள் நெருக்கமாக நிற்கின்றன. ஒவ்வொரு தூணின் தலையிலும் நுண்முட்கள் குடைபோல் விரிந்திருக்கின்றன. குடைகள் ஒன்றோடொன்று கூடி ஒரு கூரையாகின்றன. மேலே மணல் இருக்கும். கூரையின் கீழே தெளிந்த நீர் ஓடும். அங்கே மூச்சு நடக்கும். இந்தத் தூணுக்குப் பாக்சில்லா என்று பெயர். 1884இல் பிரெஞ்சு அறிஞர் எட்மன் பெரியே இதையே வைத்து இவ்வரிசைக்குப் பாக்சில்லோசிடா என்று பெயரிட்டார். படைத்தவரின் சிக்கனத்தைப் பாருங்கள்: சில முட்களைக் கொண்டு ஒரு வீட்டுக்கூரை!

இவ்வரிசைக்குள் பல குடும்பங்கள். காசிமேட்டில் கிடப்பது பெரும்பாலும் ஆஸ்ட்ரோபெக்டன். கைகளின் ஓரத்தில் சீப்புப் பற்கள்போல் முட்களும், வரிசையாகப் பெரிய விளிம்புத் தட்டுகளும் இருக்கும். இதில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் உலகில் உள்ளன. சிறு சிப்பிகளை முழுதாக விழுங்கும். மலவாய் இல்லாததால் வெறும் ஓட்டை வாய் வழியாகவே வெளியே தள்ளும். லூய்டியா என்பது அதன் உறவு; மேல்வரிசை விளிம்புத் தட்டுகள் இதில் தூண்களாக மாறியிருக்கும். நம் கரைகளில் உள்ள புள்ளி லூய்டியாவுக்கு ஐந்தல்ல, ஏழு முதல் ஒன்பது கைகள் வரை உண்டு. அடியாழத்தில் போர்சலனாஸ்டர் குடும்பம் வாழ்கிறது. பீங்கான் போன்ற மெல்லிய உடல், விளிம்புத் தட்டுகளுக்கு இடையே சல்லடை போன்ற உறுப்புகள், வயிறு நிறையச் சேறு.

ஆல்காக் வந்த காலத்தில் இந்தப் பிரிவுகளெல்லாம் இப்படித் தெளிவாக இருக்கவில்லை. சாலஞ்சர் கப்பல் உலகைச் சுற்றிக் கொண்டுவந்த நட்சத்திர மீன்களைப் பற்றி பெர்சி சிலேடன் எழுதிய பெருநூல் 1889இல்தான் வெளிவந்தது. அதைத் துணைகொண்டு ஆல்காக்கும், அருங்காட்சியகக் கண்காணிப்பாளரான ஜேம்ஸ் வுட்-மேசனும் 1891இல் பெர்செபோனாஸ்டர் என்ற புதிய பேரினத்தை அறிவித்தார்கள். பெர்செபோனி கிரேக்கக் கதைகளில் பாதாள உலகின் அரசி. கடலடிச் சேற்று நட்சத்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? அதில் ஓர் இனத்துக்குக் குங்குமப்பூ நிறம் என்று பொருள்படும் குரோசியஸ் என்ற பெயரையும், மற்றொன்றுக்கு ரோஜா நிற ஆடை என்று பொருள்படும் பெயரையும் வைத்தார்கள்.

இப்பெயர்களை நாம் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. சாராயத்தில் ஊறிய நட்சத்திரத்துக்கு நிறமில்லை. சில மாதங்களில் எல்லாம் வெளிறிப் போகும். சேற்றிலிருந்து கழுவியெடுத்த அந்த நிமிடத்தில் தளத்தில் நின்றவருக்கே குங்குமப்பூவும் ரோஜாவும் தெரியும். அதுவரை நம் கடல்களின் நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவுக்குப் புட்டியில் போய் அங்கே பெயர் பெற்றவை. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் திரட்டியவைகூட லண்டனில்தான் ஆராயப்பட்டன. உயிரோடு பார்த்தவரே பெயரும் வைத்தது ஆல்காக்கின் தனிச்சிறப்பு என்பது எங்கள் கருத்து.

1893இல் ஆழ்கடல் நட்சத்திரங்களைப் பற்றிய அவருடைய கட்டுரை லண்டன் இதழொன்றில் வந்தது. அதில் டிப்சகாஸ்டர் என்ற மற்றொரு சேற்றுப் பேரினத்தை நிறுவி, அதன் இனத்துக்குச் சிலேடனின் பெயரை இட்டார். வேறொரு நட்சத்திரத்துக்கு வுட்-மேசனின் பெயர். வுட்-மேசன் அதே ஆண்டு மே மாதம் உடல்நலம் குன்றி, தாயகம் திரும்பும் வழியில் கடலிலேயே இறந்தார். அவர் அமர்ந்த நாற்காலி ஆல்காக்குக்கு வந்தது.

அருங்காட்சியகத்தில் இருந்த ஆண்டுகளில் நண்டுகளையும் மீன்களையும் பற்றியே மிகுதியாக எழுதினார். இடையில் 1895இல் பாமீர் எல்லைக் குழுவோடு பனிமலைக்கும் போய்வந்தார். 1901இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1902இல் தம் கப்பல் ஆண்டுகளை, பொதுமக்களும் படிக்கும்படி ஒரு நூலாக எழுதினார். 1906இல் பதவியைத் துறந்து இங்கிலாந்து திரும்பினார். அவருக்குப் பின் வந்த நெல்சன் அன்னண்டேல் காலத்தில், 1916இல், அந்த அருங்காட்சியகத்தின் விலங்கியல் பகுதியிலிருந்து இந்திய விலங்கியல் ஆய்வகம் பிறந்தது.

நட்சத்திரங்களின் வேலை நிற்கவில்லை. கல்கத்தாவின் சேமிப்பை ஃபிரான்சின் லியோன் நகரப் பேராசிரியர் ரெனே கோலர் ஆராய்ந்து, ஆழ்கடல் இனங்களைப் பற்றி 1909இலும் கரையோர இனங்களைப் பற்றி 1910இலும் இரு தொகுதிகள் வெளியிட்டார். இக்குலம் நட்சத்திர மீன்களிலேயே பழமையானதா என்ற வழக்கும் எழுந்தது. உறிஞ்சுதட்டு இல்லாமை ஆதிநிலை என்று டென்மார்க்கின் மார்டென்சன் போன்றோர் கருதினார்கள். சேற்றில் வாழ வந்தபின் ஏற்பட்ட மாற்றமே அது என்று 1987இல் அமெரிக்கரான டேனியல் பிளேக் வாதிட்டார். பாறையைப் பற்ற வேண்டாத காலுக்குத் தட்டு எதற்கு என்பது அவர் பக்கத்து நியாயம்.

ஆல்காக் லண்டனில் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்து, நோய் பரப்பும் பூச்சிகளைப் பற்றி மருத்துவர்களுக்குக் கற்பித்தார். அப்பூச்சிகளைப் பற்றிய அவருடைய பாடநூல் நட்சத்திரக் கட்டுரைகளைவிட அதிகம் பேருக்குப் பயன்பட்டிருக்கும். 1933 மார்ச் 24ஆம் நாள் கென்ட் மாவட்டத்தில் காலமானார். பெர்செபோனாஸ்டரும் டிப்சகாஸ்டரும் இன்றும் அதே பெயரோடு பட்டியலில் இருக்கின்றன. வங்கக் கடலின் தரையில் அவற்றின் உறவினர்கள், குடைக்கூரையின் கீழ் மூச்சுவிட்டுக்கொண்டு, சேற்றுக்குள் புதைந்து கிடக்கிறார்கள்.