போலந்துக் குழந்தைகளின் இந்திய அப்பா



காயல்பட்டினம் கடற்கரைக்கு ஒரு மாலை நேரம் வந்து பாருங்கள். மணலில் பையன்கள் கால்பந்து ஆடிக்கொண்டிருப்பார்கள். பெரியவர்கள் காற்று வாங்கிக்கொண்டிருப்பார்கள். எதிரே விரிந்து கிடக்கும் மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் முத்துக் குளித்தார்கள். 1961-ம் ஆண்டோடு அது நின்றுபோயிற்று.

நம் நாட்டில் முத்துக்குப் பேர்போன இன்னொரு கடலும் உண்டு. அது குஜராத்தில் உள்ள கட்ச் வளைகுடா. வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்தில் அதன் கரையில் நவாநகர் என்ற சமஸ்தானம் இருந்தது. சமஸ்தானம் என்றால் ஓர் அரசரின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதி. நவாநகரின் தலைநகரம் ஜாம்நகர். அந்த முத்துக் கடற்கரையின் அரசரைப் பற்றித்தான் இன்று தெரிந்துகொள்ளப் போகிறீர்கள்.

அவர் பெயர் திக்விஜய்சிங்ஜி. 1895-ம் ஆண்டு செப்டம்பர் 18-ல் பிறந்தார். அவருடைய அப்பாவின் சகோதரர் யார் தெரியுமா? கிரிக்கெட் வீரர் ரஞ்சித்சிங்ஜி! ரஞ்சிக் கோப்பை என்று சொல்கிறோமே, அது அவர் பெயரால்தான் நடக்கிறது. ரஞ்சிக்குப் பிள்ளைகள் இல்லாததால் திக்விஜய்சிங்ஜியைத் தத்து எடுத்துக்கொண்டார். ராஜ்கோட்டிலும் இங்கிலாந்திலும் படித்த அவர், ராணுவத்திலும் பணியாற்றினார். 1933-ல் ரஞ்சி மறைந்த பிறகு அரசரானார். நவாநகர் அரசர்களை ஜாம் சாகிப் என்று அழைப்பது வழக்கம். ரஞ்சியைப் போல இவருக்கும் கிரிக்கெட் பிடிக்கும். இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராகவும் இருந்தார்.

இளைஞராக இருந்தபோது ஐரோப்பாவில் ஒருவரை அவர் சந்தித்தார். அவர் பாடரவ்ஸ்கி என்ற உலகப் புகழ் பெற்ற பியானோ கலைஞர். போலந்து நாட்டின் பிரதமராகவும் இருந்தவர். அந்தப் பழக்கத்தால் போலந்து நாட்டின் மீது இளவரசருக்கு ஒரு பிரியம் ஏற்பட்டது.

இனி போலந்துக்குப் போவோம். 1939-ம் ஆண்டு செப்டம்பரில் ஒரு பக்கம் ஜெர்மனியும் மறுபக்கம் சோவியத் ரஷ்யாவும் அந்த நாட்டுக்குள் புகுந்தன. இரண்டாம் உலகப் போர் தொடங்கிவிட்டது. ரஷ்யப் படை பிடித்த பகுதியிலிருந்து லட்சக்கணக்கான மக்களை ரயில் பெட்டிகளில் அடைத்து, சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் அனுப்பினார்கள். அங்கே கடும் குளிர். போதுமான உணவு கிடையாது. காய்ச்சலுக்கு மருந்து கிடையாது. எத்தனையோ பெற்றோர்கள் இறந்துபோனார்கள். பிள்ளைகள் அனாதைகளாக நின்றார்கள்.

1941-ல் ஜெர்மனி ரஷ்யாவையே தாக்கியது. நிலைமை மாறியது. லண்டனில் இருந்து இயங்கிய போலந்து அரசுடன் ரஷ்யா ஓர் உடன்பாடு செய்துகொண்டு, பிடித்துவைத்திருந்தவர்களை விடுவித்தது. ஆனால் அந்தக் குழந்தைகள் எங்கே போவார்கள்? திரும்பிப் போகச் சொந்த நாடு இல்லை. போர்க் காலத்தில் அவர்களை ஏற்கும் இடங்களும் அதிகம் இல்லை.

அப்போது கை நீட்டியவர் ஜாம் சாகிப். போர் சம்பந்தமான ஆலோசனைக்காக லண்டனுக்குப் போய்வரும் பொறுப்பில் இருந்தவர் அவர். குழந்தைகளை என் ஊருக்கு அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முன்வந்தார்.

ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். அரசர் சரி என்று சொன்னதும் எல்லாம் நடந்துவிடவில்லை. ரஷ்யாவிலிருந்து குழந்தைகளைக் கொண்டுவர வேண்டுமே! இதற்குப் பலர் கை கோத்தார்கள். பம்பாயில் இருந்த போலந்துத் தூதரும் அவர் மனைவியும் ஓடி ஓடி வேலை செய்தார்கள். நிவாரணப் பொருட்களை ஏற்றிக்கொண்டு லாரிகள் இந்தியாவிலிருந்து அஷ்காபாத் நகருக்குப் போயின. அது இன்றைய துர்க்மெனிஸ்தானின் தலைநகரம். திரும்பும்போது அந்த லாரிகளில் குழந்தைகள் வந்தார்கள். அவர்கள் கப்பலில் வந்ததாகச் சிலர் கதை சொல்வார்கள். ஆனால் முதலில் வந்த குழந்தைகள் ஈரானின் மலைகளையும் பாலைவனத்தையும் தாண்டித் தரைவழியேதான் இந்தியாவுக்குள் வந்தார்கள்.

1942-ம் ஆண்டு ஏப்ரலில் முதல் குழு பம்பாய் வந்து சேர்ந்தது. எலும்பும் தோலுமாக இருந்த அவர்கள், பாந்திராவில் சில மாதங்கள் தங்கி உடம்பு தேறினார்கள். செலவுக்கு ஒரு நிதி திரட்டப்பட்டது. வேறு அரசர்களும் செல்வர்களும் பொதுமக்களும் பணம் கொடுத்தார்கள். அப்போது நம் நாடே அடிமைப்பட்டுக் கிடந்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஜாம்நகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், கடலோரத்தில் பாலாச்சடி என்ற சிற்றூர் இருக்கிறது. ஜாம் சாகிப்பின் கோடைக்கால அரண்மனை அங்கேதான் இருந்தது. அதன் அருகில் குழந்தைகளுக்காக ஒரு முகாமைக் கட்டினார். அங்கே வந்த குழந்தைகளிடம், இனி நீங்கள் அனாதைகள் இல்லை, என் மக்களுக்கு நான் பாபு என்றால் உங்களுக்கும் நான் பாபுதான் என்று சொன்னார். குஜராத்தியில் பாபு என்றால் அப்பா.

மொத்தத்தில் 600-க்கும் அதிகமான பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். முகாமில் பள்ளிக்கூடம் இருந்தது. போலந்து ஆசிரியர்கள் போலந்து மொழியிலேயே பாடம் நடத்தினார்கள். போலந்துக் கொடி பறந்தது. அவர்களுடைய பாதிரியார் ஒருவர் முகாமைக் கவனித்துக்கொண்டார். சாரணர் படை இருந்தது. கால்பந்தும் ஹாக்கியும் ஆடினார்கள். கிறிஸ்துமஸ் வந்தால் பாபு பரிசுகள் தருவார்.

ஒரு வேடிக்கையும் நடந்தது. சாப்பாட்டில் பசலைக்கீரை அடிக்கடி வந்ததாம். பிள்ளைகள் சாப்பிட மறுத்து வேலைநிறுத்தமே செய்துவிட்டார்கள்! செய்தி பாபுவுக்குப் போனது. கோபித்துக்கொள்ளவில்லை. இனிமேல் கீரை சமைக்க வேண்டாம் என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டார். முகாமில் வளர்ந்தவர்கள் முதுமையிலும் இதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

நாற்பது ஆண்டுக்கும் மேல் பிள்ளைகளோடு பழகியவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். பசித்த குழந்தைக்குச் சோறு போடுவது பெரிய காரியம். அந்தக் குழந்தையின் மொழியையும் படிப்பையும் விளையாட்டையும் திருப்பித் தருவது அதைவிடப் பெரிய காரியம். ஜாம் சாகிப் இரண்டையும் செய்தார்.

1946-ல் பாலாச்சடி முகாம் மூடப்பட்டது. அங்கிருந்த பிள்ளைகள் கோலாப்பூர் அருகே வலிவடே முகாமுக்குப் போனார்கள். அங்கே ஏற்கெனவே சுமார் 5,000 போலந்து அகதிகள் வாழ்ந்தார்கள். போருக்குப் பின் ஐக்கிய நாடுகளின் நிவாரண அமைப்பு அவர்கள் பொறுப்பை ஏற்றது. 1948-க்குள் அவர்கள் இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, போலந்து என்று பல நாடுகளுக்குப் பிரிந்து சென்றார்கள்.

ஜாம் சாகிப்பும் சும்மா இருக்கவில்லை. 1947-ல் தம் சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைத்தார். பிறகு ஐ.நா. சபைக்குச் சென்ற இந்தியக் குழுவில் இடம்பெற்றார். கொரியப் போரில் சிதைந்த நாட்டைத் திரும்பக் கட்டுவதற்காக அமைந்த ஐ.நா. பேச்சுவார்த்தைக் குழுவுக்கும் தலைமை தாங்கினார். 1966-ம் ஆண்டு பிப்ரவரி 3-ல் காலமானார்.

அவரை போலந்து மறக்கவில்லை. தலைநகர் வார்சாவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல மகாராஜா சதுக்கம் என்று ஓர் இடமும் இருக்கிறது. 2024-ல் இந்தியப் பிரதமர் அங்கே சென்று மரியாதை செலுத்தினார். பாலாச்சடியில் முகாம் இருந்த இடத்தில் இன்று சைனிக் பள்ளி நடக்கிறது. அங்கே இப்போதும் பிள்ளைகளின் சத்தம் கேட்கிறது!

குழந்தைகளே, நம் கடலும் அகதிகளைப் பார்த்த கடல்தான். 1983 முதல் இலங்கைத் தமிழர்கள் படகேறித் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். நம் தூத்துக்குடி மாவட்டத்திலும் அவர்களுக்கான மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. அங்கிருந்து ஒரு பிள்ளை உங்கள் வகுப்புக்குப் படிக்க வரலாம். அரண்மனை கட்டித்தர உங்களால் முடியாது. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்க முடியும். மாலையில் கால்பந்து ஆட வா என்று கூப்பிட முடியும். நாளைக்கே கூப்பிடுவீர்கள்தானே?