வேலை கொடுத்த ஹாரி ஹாப்கின்ஸ்

கையிலிருந்த வேலை திடீரென்று பறிபோனால் வாடுவது வயிறு மட்டுமா? மானமும் அல்லவா வாடுகிறது! இதை உணர்ந்து அரசாங்க நிவாரணத்தை நடத்திக் காட்டியவர் அமெரிக்காவின் ஹாரி ஹாப்கின்ஸ்.

1890-ம் ஆண்டு அயோவா மாநிலத்தில் பிறந்தார். தந்தை குதிரைச் சேணம் விற்றுப் பிழைத்தவர். 1912-ல் கல்லூரிப் படிப்பு முடிந்ததும் ஹாப்கின்ஸ் நியூயார்க் சென்று, ஏழைகள் நெருங்கி வாழும் பகுதியில் சமூக சேவையில் ஈடுபட்டார்.

1929-ல் பங்குச் சந்தை சரிந்தது. ஆலைகள் மூடின, வங்கிகள் முறிந்தன. 1933-ல் உழைப்பாளிகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. அவ்வாண்டு பதவியேற்ற ஜனாதிபதி ரூஸ்வெல்ட், 50 கோடி டாலர் நிவாரண நிதியின் பொறுப்பை ஹாப்கின்ஸிடம் ஒப்படைத்தார். மே மாதம் வேலையைத் தொடங்கிய அன்றே 50 லட்சம் டாலருக்கு மேல் மாநிலங்களுக்கு ஒதுக்கிவிட்டார்!

அதுவரை பல ஊர்களில் ஏழைகளுக்குக் கிடைத்தது மளிகைச் சீட்டுதான். குடும்பம் எதை வாங்க வேண்டும் என்பதையும் அதிகாரிகளே முடிவு செய்தார்கள். ரொக்கமாகக் கொடுங்கள் என்று வற்புறுத்தினார் ஹாப்கின்ஸ். அதைவிடவும் வேலை கொடுத்துக் கூலி தருவதே மேல் என்பது அவர் கொள்கை.

1933 நவம்பரில், குளிர்காலம் நெருங்கும் வேளையில், அதற்கு வாய்ப்பு வந்தது. இரண்டே மாதங்களில் 40 லட்சம் பேருக்கு மேல் வேலை பெற்றனர். சாலைகள் போட்டனர், பள்ளிக்கூடங்களைப் பழுது பார்த்தனர். ஆனால் செலவு பெருகவே, 1934-ல் ரூஸ்வெல்ட் அத்திட்டத்தை நிறுத்திவிட்டார்.

ஹாப்கின்ஸ் சோர்ந்துவிடவில்லை. 1935-ல் அதைவிடப் பெரிய திட்டம் அவர் தலைமையில் தொடங்கியது. 1943-ல் அது முடியும்வரை சுமார் 85 லட்சம் பேர் அதில் கூலி பெற்றனர். மண்வெட்டி பிடித்தவர்கள் மட்டுமல்ல. தையல் வேலை செய்த பெண்கள், ஓவியர்கள், நடிகர்கள், எழுத்தாளர்களும் அதில் உண்டு.

வெட்டி வேலைக்கு வரிப்பணமா என்று எதிரிகள் ஏசினர். வேலையற்றோர் அனைவருக்கும் அத்திட்டத்தால் வேலை தர இயலவில்லை என்பதும் உண்மை. ஆயினும் பிச்சை கேட்கும் நிலையிலிருந்து லட்சக்கணக்கான குடும்பங்கள் மீண்டன.

1937-ல் வயிற்றுப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் உடல் தேறவே இல்லை. அந்த உடலோடுதான் வர்த்தக மந்திரியானார். போர்க்காலத்தில் ரூஸ்வெல்ட்டின் தூதராக லண்டனுக்கும் மாஸ்கோவுக்கும் பறந்தார். 1946 ஜனவரி 29-ல், 55-வது வயதில் காலமானார்.

கோடிக்கணக்கான டாலர் அவர் கையெழுத்தில் செலவாயிற்று. வாங்கியவன் தலைகுனியாமல் வாங்க வேண்டும் என்பதே அவர் விட்டுச் சென்ற பாடம்.