ஆபீஸ் முடிஞ்சதும் இந்த அக்கவுன்ட்ஸ் அதிகாரி எங்கே போவார் தெரியுமா?

காலையில அலாரம், அரக்கப்பரக்கக் குளியல், ஓடிப்போய்ப் பிடிக்கிற மெட்ரோ. ஒன்பது மணி நேரம் எக்ஸெல் ஷீட். திரும்பவும் அதே மெட்ரோ, கையில போன். வீட்டுக்கு வந்து படுத்தா மறுபடியும் போன். உங்க நாள் இப்படித்தான் ஓடுதுன்னா, ஒரு விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்க. எறும்பு வரிசை எங்கே போகுதுன்னு அரை மணி நேரம் குத்தவெச்சுப் பார்த்த ஆள் நீங்க. எவர்சில்வர் டம்ளரையும் பித்தளை டம்ளரையும் கரண்டியால தட்டி, சத்தம் ஏன் மாறுதுன்னு அம்மாவைக் கேட்டு, அடி வாங்கிய ஆளும் நீங்கதான். அந்தக் குழந்தை எந்த வயசுல காணாமப் போச்சு?

உங்களை மாதிரியே கணக்கு வழக்கில் மாட்டிக்கொண்ட ஒரு தமிழ் இளைஞரின் கதை இது. அவரைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் தலைப்பாகையோடு பார்த்திருப்பீங்க. நோபல் பரிசு, ராமன் விளைவு, தேசிய அறிவியல் தினம்னு மூணு வரியில் படிச்சு முடிச்சிருப்பீங்க. ஆனா சர் சி.வி.ராமன் முழுசா 10 வருஷம் அரசாங்க அக்கவுன்ட்ஸ் அதிகாரியா வேலை பார்த்தவர்னு உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1888-ல் திருச்சி பக்கத்துல திருவானைக்காவல்ல பிறந்தவர். அப்பா சந்திரசேகர ஐயர் கணிதமும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்தவர், வயலினும் வாசிப்பார். அவருக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் வேலை கிடைக்க, குழந்தை ராமன் கடலோர ஊரில் வளர்ந்தார். 11 வயதில் மெட்ரிகுலேஷன். 15 முடிந்து 16-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ., அதுவும் முதலிடம், தங்கப் பதக்கம். 18 வயதில் லண்டன் பத்திரிகை ஒன்றில் ஆராய்ச்சிக் கட்டுரை. இப்படி ஒரு பையன் அடுத்து எங்கே போகணும்? இங்கிலாந்துக்குத்தான். ஆனா, அந்தக் குளிரை இந்த உடம்பு தாங்காதுன்னு மருத்துவர் சொல்லிட்டார். உள்ளூரில் ஆராய்ச்சியை நம்பிப் பிழைக்க வழியில்லை. நிதித்துறைத் தேர்வு எழுதினார். அதிலும் முதலிடம்! 1907-ல் கல்கத்தாவில் உதவி அக்கவுன்டன்ட் ஜெனரல். அதே வருஷம் லோகசுந்தரியோடு கல்யாணமும் ஆச்சு.

18 வயசுல கெஜட்டட் வேலை, கைநிறைய சம்பளம். லைஃப்ல செட்டில் ஆயாச்சு. நம்ம வீட்டுப் பெரியவங்க இதுக்கு மேல என்ன கேட்பாங்க?

அப்புறம்தான் அந்த போர்டு கண்ணில் படுகிறது. கல்கத்தாவின் பவ்பஜார் தெருவில், 210-ம் எண் கட்டடம். இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். 1876-ல் மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர், இந்தியர்கள் தாங்களே ஆராய்ச்சி செய்யணும்னு ஊர் ஊரா நன்கொடை வாங்கிக் கட்டியது. கருவிகள் இருந்தன, அறைகள் இருந்தன, ஆராய்ச்சி செய்யத்தான் ஆள் இல்லை. ராமன் போய்க் கதவைத் தட்டினார். திறந்தவர் ஆஷுதோஷ் டே. அதுக்கப்புறம் ஏறக்குறைய 25 வருஷம் ராமனுக்கு வலது கையா இருந்தவர் அவர்தான்.

இனி அவரோட டைம் டேபிளைப் பாருங்க. காலை ஐந்தரைக்கு லேப். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னாடி வீடு. குளிச்சு, நாலு வாய் அள்ளிப் போட்டுக்கிட்டு ஆபீஸ். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆபீஸிலிருந்து நேரா லேப். வீடு திரும்ப ராத்திரி ஒன்பதரை, பத்து. ஞாயிற்றுக்கிழமை முழுக்க லேப்தான். (புதுசா கல்யாணம் ஆன லோகசுந்தரி அம்மாள் இதை எப்படி எடுத்துக்கிட்டாங்கன்னு யோசிச்சா கொஞ்சம் பாவமாத்தான் இருக்கு.) நடுவுல ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றல் வந்தது. அங்கெல்லாம் வீட்டுக்குள்ளேயே சோதனைகளைத் தொடர்ந்தார். 1911-ல் கல்கத்தாவுக்கே திரும்பினதும் கழகத்துக்குப் பக்கத்துலயே வீடு பிடிச்சார். வீட்டிலிருந்து நேரா லேபுக்குள்ள நுழைய ஒரு கதவு!

அப்படி என்னதான் செஞ்சார் அங்கே? இங்கேதான் விஷயமே இருக்கு. கிட்டத்தட்ட விளையாடினார்னுதான் சொல்லணும். தெருவில் பாடிக்கிட்டுப் போறவங்க மீட்டும் ஒற்றைக் கம்பி ஏக்தாராவைப் பத்தி 1909-ல் ஒரு கட்டுரை எழுதினார். கண்ணாடித் தகட்டின் மேல எஃகுக் குண்டை விழவெச்சு, விரிசல் என்ன வடிவத்துல வருதுன்னு ஆராய்ந்தார். மனுஷன் கை ஒரே சீரா வில்லை இழுக்காதேன்னு, வயலின் வாசிக்க ஒரு இயந்திரமே செஞ்சார். வீணை, தம்புரா எதையும் விட்டுவைக்கலை.

மிருதங்கக் கதை இன்னும் சுவாரஸ்யம். தோலை இழுத்துக் கட்டின சாதாரண மேளத்தைத் தட்டினா வெறும் சத்தம்தான் வரும், சுருதி சேராது. மேளத்தோட இயல்பே அதுதான்னு மேல்நாட்டு இயற்பியல் புத்தகங்கள் சொல்லின. ஆனா நம்ம மிருதங்கமும் தபலாவும் கம்பி வாத்தியம் மாதிரி சுருதியோட பேசுதே, எப்படி? சின்ன வயசுல இருந்து கச்சேரி கேட்ட யாருக்கும் இந்தக் கேள்வி வரலை. ராமனுக்கு வந்தது. தோல் மேல மெல்லிய மணலைத் தூவித் தட்டிப் பார்த்தார். எந்த இடம் அதிருது, எந்த இடம் சும்மா இருக்குன்னு மணலே கோலம் போட்டுக் காட்டிடுச்சு. வலந்தலையின் நடுவில் அப்புகிற கறுப்புச் சோறு இருக்கு பாருங்க, அதோட கனம்தான் தாறுமாறான அதிர்வுகளை இழுத்துப் பிடிச்சு ஸ்வரவரிசைக்குள்ள கொண்டு வருது. மிருதங்கம் கட்டுற கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையா கையால கண்டுபிடிச்சு வெச்சிருந்த கணக்கு அது. 1920-ல் 'நேச்சர்' இதழில் அதைப் பத்தி எழுதினார். அடுத்த முறை கச்சேரியில் தனி ஆவர்த்தனம் ஆரம்பிக்கும்போது கேன்டீனுக்கு எழுந்து போகாதீங்க.

1917-ல் பெரிய முடிவு ஒண்ணு எடுக்க வேண்டியிருந்தது. கல்கத்தா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் ஆஷுதோஷ் முகர்ஜி மூலமா பாலித் பேராசிரியர் பதவி வந்தது. சம்பளமோ, வாங்கிக்கிட்டு இருந்ததில் ஏறக்குறைய பாதி. குடும்பஸ்தன். நிதித்துறையிலயே இருந்திருந்தா உச்சிக்குப் போயிருப்பார், அந்த அளவுக்கு வேலையிலும் கெட்டி. பாதிச் சம்பளத்துக்குச் சரின்னு சொல்லிட்டார். நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? எனக்கு சந்தேகம்தான்.

1921-ல் முதல் வெளிநாட்டுப் பயணம், லண்டன். செயின்ட் பால் தேவாலயத்தின் கோபுரத்துக்குள்ள ஒரு வட்ட மாடம் உண்டு. ஒரு பக்கச் சுவரோரமா கிசுகிசுத்தா எதிர்ப்பக்கத்துல கேட்கும். சுற்றுலா போனவங்க எல்லாரும் கிசுகிசுத்துச் சிரிச்சுட்டு வந்தாங்க. இவர் அங்கேயே சோதனை செஞ்சு கட்டுரை எழுதினார். பிற்பாடு பீஜப்பூர் கோல்கும்பாஸையும் விடலை.

திரும்பி வர்ற வழியில, நர்குண்டா கப்பல். மத்தியதரைக் கடல் அவ்வளவு நீலம். வானத்து நீலம்தான் கடலில் தெரியுதுன்னு ரேலே பிரபு சொல்லியாச்சு, பெரிய மேதை, அதோட கேஸ் குளோஸ். ராமனிடம் நிக்கல் பட்டகம் ஒண்ணு இருந்தது. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்புற ஒளியை அதால வடிகட்டி எறிஞ்சுட முடியும். கப்பல் தளத்தில் நின்னு அது வழியாப் பார்த்தார். வானத்தின் பிரதிபலிப்பு போயிடுச்சு. நீலம் போகலை, இன்னும் ஆழமா ஜொலிச்சது. அப்படின்னா அந்த நிறம் தண்ணியோடது, ஒளியைத் தண்ணி மூலக்கூறுகள் சிதறடிக்கிறதால வர்றது. பம்பாய்த் துறைமுகத்துல கப்பல் நின்னதும் 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் தயார்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு ஆச்சர்யம் உண்டு. இவர் கடலைப் புதுசா பார்த்தவர் இல்லை. விசாகப்பட்டினத்துல நாலு வயசுல இருந்து பார்த்துப் பழகினவர். பழகிப்போன ஒண்ணைப் போய் 32 வயசுல முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்த்திருக்கார்.

அந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டு ஏழு வருஷம். கே.எஸ்.கிருஷ்ணன் முதலான மாணவர்களோட, திரவம் திரவமா ஒளியைச் செலுத்திப் பார்த்து, 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவு. சிதறி வர்ற ஒளியில் ஒரு துளி, நிறம் மாறி வருது. 1930-ல் நோபல். நவம்பரில் வரவேண்டிய அறிவிப்புக்கு ஜூலையிலேயே ஸ்வீடன் போகக் கப்பல் டிக்கெட் எடுத்துட்டாராம் மனுஷன். தீபாவளிக்கு நாலு மாசம் முன்னாடியே பட்டாசு லிஸ்ட் போடுற பையன் ஞாபகம் வருதா?

எல்லாமே இனிப்பா இருந்ததுன்னு சொல்ல மாட்டேன். 1933-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநர் ஆனார். அதே வருஷம் பம்பாயில் பட்டப்படிப்பு முடிச்சிட்டு, கண்ணு நிறையக் கனவோடு கமலா என்ற பெண் ஆராய்ச்சிக்கு வந்தார். பிற்பாடு கமலா சொஹோனின்னு அறியப்பட்டவர். பெண் என்பதாலேயே ராமன் முதலில் மறுத்தார். விடாமல் போராடி, ஒரு வருஷம் சோதனை முறையில்னு நிபந்தனைகளோட உள்ளே வந்து, பின்னாளில் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டமும் வாங்கினார் கமலா. மிருதங்கத்திலும் கடலிலும் புதுசு பார்த்த கண்ணுக்கு, எதிரே நின்ன பொண்ணோட கண்ணில் இருந்த அதே ஆர்வம் தெரியலை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகலை.

நிர்வாகச் சண்டைகளில் 1937-ல் இயக்குநர் பதவியும் போனது. பேராசிரியராத் தொடர்ந்து 1948-ல் ஓய்வு. வயசு 60. நம்ம ஊர்க் கணக்குப்படி திண்ணையில உட்கார்ற வயசு. ராமன் தன் பெயரிலான ஆராய்ச்சி நிலையத்துக்குள்ள போய், சிப்பி, பட்டாம்பூச்சி, கல், நூற்றுக்கணக்கான வைரங்கள்னு சேர்க்க ஆரம்பிச்சார். சிப்பிக்குள்ள வானவில் எப்படி வருது? நிலாக்கல்லுக்கு அந்த மினுமினுப்பு எங்கேயிருந்து? தோட்டம் நிறைய ரோஜா வளர்த்தார், அந்தச் சிவப்பு நம்ம கண்ணுக்குள்ள என்ன செய்யுதுன்னு கேட்டார். 70 வயசுக்கு மேல, தன் சொந்தக் கண்ணையே கருவியா வெச்சுக்கிட்டு, பார்வையைப் பத்தி ஒரு புத்தகமே எழுதி 1968-ல் வெளியிட்டார். சக விஞ்ஞானிகள் அதைப் பெருசா எடுத்துக்கலை. அதுக்காக அவரும் நிறுத்தலை.

1970-ல் லேபிலேயே மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் கொஞ்ச நாள். அங்கே சாக மனசில்லை, தன் தோட்டத்துக்கே கொண்டுபோகச் சொன்னார். கொண்டுவந்தாங்க. நவம்பர் 21 அதிகாலையில் உயிர் பிரிந்தது. நிலைய வளாகத்திலேயே எரியூட்டினாங்க. அந்த இடத்தில் இப்போ சமாதி எதுவும் கிடையாது, ஒரு மரம் நிக்குது. பெங்களூருல ஐ.டி வேலையில இருக்கிறவங்க, மேக்ரி சர்க்கிள் பக்கம் டிராஃபிக்கில் மாட்டிக்கிட்டு போனை எடுக்கும்போது, அந்த மரம் பக்கத்துலதான் எங்கேயோ இருக்கு.