இராமானுஜன் கப்பலேறிய கதை

கணித மேதை சீனிவாச இராமானுஜனின் பெயரைக் கேளாத தமிழ்க் குடும்பம் நம் காலனியில் இராது. 22-12-1887-இல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, கேம்பிரிட்ஜ் சென்று உலகப் புகழ் எய்தி, முப்பத்திரண்டாம் வயதிலேயே மறைந்தவர் அவர் என்பது பள்ளிப் பிள்ளைகளும் ஒப்புவிக்கும் செய்தி. ஆயின் அவர் கடல் கடந்து சென்றதற்குப் பணம் கொடுத்தவர் யார்? வீட்டாரை இணங்க வைத்தது எப்படி? பெட்டியில் என்னென்ன எடுத்துச் சென்றார்? எதனை மறந்தார்? இவற்றை நம்மவர் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஐரோலியிலிருந்து நம் பிள்ளைகள் மேற்படிப்புக்கு விமானமேறும் இந்நாளில், பெட்டி கட்டும் பெற்றோர்க்கு இப்பகுதி பயன்படக்கூடும் என்று கருதியே இதனை எழுதலானேன்.

இராமானுஜனின் தந்தையார் துணிக்கடைக் கணக்கர்; மாத வருமானம் ஏறத்தாழ 20 ரூபாய். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் மகனுக்குக் கிடைத்த உபகாரச் சம்பளம், கணக்கைத் தவிர மற்றப் பாடங்களை அவர் ஏறெடுத்தும் பாராமையால் பறிபோயிற்று. கல்லூரிக் கட்டணமோ பருவத்துக்கு 32 ரூபாய்! தந்தையின் ஒன்றரை மாத வருமானம் அது. மனம் உடைந்த பிள்ளை 1905-இல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. கையில் பட்டம் இல்லை. கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகங்களே இருந்தன.

அந்த நோட்டுப் புத்தகங்களைப் பார்த்து மாதம் 25 ரூபாய் தம் கைப்பணத்திலிருந்து தந்தவர் நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ். பிறர் பணத்தில் நெடுநாள் உண்ண மனமின்றி, 1-3-1912-இல் சென்னைத் துறைமுக டிரஸ்டில் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாக அமர்ந்தார் இராமானுஜன். அங்கே தலைமைக் கணக்கர் நாராயண ஐயரும், தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருக்கு அரணாயினர். 16-1-1913-இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமும் அதன் விளைவும் பலரும் எழுதிவிட்டவை. இங்கு விரிக்க வேண்டுவதில்லை.

நாம் கருத்தில் கொள்ளவேண்டியது வேறொன்று. அவ்வாண்டிலேயே ஹார்டியின் வேண்டுகோளால் அரசாங்கத்தார் மூலம் அழைப்பு வந்தது. குடும்பத்தின் ஆசாரம் கருதி அது மறுக்கப்பட்டது. ஆனால் நண்பர்கள் அதனோடு சோர்ந்துவிடவில்லை. முதலில் உள்ளூரிலேயே ஒரு படி கட்டினர். சென்னைப் பல்கலைக் கழகம் மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டாண்டுகளுக்கு ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் தந்தது. எம்.ஏ. தேறியவர்க்கே அதற்கு உரிமை என்ற விதி குறுக்கே நின்றது. பல்கலைக் கழகச் சட்டத்தின் முகவுரை ஆராய்ச்சியை வளர்ப்பதும் அதன் கடமை என்று கூறுவதை எடுத்துக்காட்டி, விதியைத் தளர்த்தினார்கள். விதிப்புத்தகத்தைப் படித்தவர் ஒருவர் நம் பக்கம் இருந்தால் எத்துணை நன்மை பாருங்கள்!

1914 சனவரியில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த நெவில் என்னும் இளைஞர் சென்னைக்கு விரிவுரையாற்ற வந்தார். இராமானுஜனை அழைத்து வருவது ஹார்டி அவரிடம் ஒப்புவித்த பணி. செலவுக்கு வழி என்ன, தம் ஆங்கிலம் போதுமா, சைவ உணவுக்கு இடமுண்டா, மறுபடியும் தேர்வு எழுத நேருமோ என்று நான்கு ஐயங்கள் இராமானுஜனை வாட்டின. நெவில் அவற்றை ஒன்றொன்றாகத் தீர்த்தார். அன்னை கோமளத்தம்மாளும் இணங்கிவிட்டார். குலதெய்வமான நாமகிரித் தாயார் கனவில் தோன்றி அருளியதே காரணம் என்பர்.

பிறகு நடந்தது வியப்புக்குரிய வேகம். நெவில் பல்கலைக் கழகப் பதிவாளருக்கு எழுத, பேராசிரியர் லிட்டில்ஹெயில்ஸ் திட்டம் வகுக்க, ஸ்பிரிங் துரை கவர்னர் பெண்ட்லண்டு பிரபுவின் அலுவலகத்துக்கு எழுதினார். ஆண்டுக்கு 250 பவுன் வீதம் இரண்டாண்டுகளுக்கு உபகாரச் சம்பளம், கப்பல் கட்டணம், உடைச் செலவுக்கு ஒரு தொகை ஆகியவை முடிவாயின. டிரினிட்டி கல்லூரி ஆண்டுக்கு 60 பவுன் சேர்த்தது. ஒரு பவுனுக்கு 15 ரூபாய் என்றிருந்த அக்காலத்தில் 250 பவுன் என்பது மாதம் முந்நூறு ரூபாய்க்கு மேல். துறைமுகச் சம்பளத்தைப் போல் பத்து மடங்கு. அதிலிருந்து மாதம் 60 ரூபாயைத் தம் அன்னைக்குக் கும்பகோணத்தில் தந்துவிடுமாறு புறப்படுமுன்பே இராமானுஜன் ஏற்பாடு செய்தார். தான் போகுமிடத்துச் செலவை மட்டும் கணக்கிட்டு, விட்டுப்போகும் வீட்டின் அடுப்பை மறந்துவிடும் இளைஞர் பலர் உண்டு. அவர் மறக்கவில்லை.

இனி உடை. லிட்டில்ஹெயில்ஸ் தம் மோட்டார் சைக்கிளின் பக்கவண்டியில் அவரை உட்காரவைத்துக் கடைகடையாக அழைத்துச் சென்று காலரும் காலுறையும் வாங்கித் தந்தாராம். கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கப் பயிற்சி நடந்தது. குடுமி ஒன்றுதான் பெருந்துயரம். அதைக் களையுமுன், கண்டால் பொறார் என்று அன்னையையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு ரயிலேற்றி அனுப்பிவிட்டார். பதினைந்து வயதை எட்டவிருந்த மனைவி ஜானகி தானும் உடன் வருவதாகக் கேட்டதுண்டு. படிப்பில் கவனம் சிதறும் என்று இராமானுஜன் மறுத்துவிட்டார். 17-3-1914 அன்று நெவாசா என்னும் கப்பல் சென்னையை விட்டு நகர்ந்தது. ஏப்ரல் 14-இல் இலண்டன் சேர்ந்தார்.

பணம், அனுமதி, உடை, கல்லூரி, துறைமுகத்தில் எதிர்கொண்டு அழைக்க ஆள் என எல்லாம் குறைவின்றி அமைந்தன. ஆயினும் உடம்பையும் வீட்டையும் பற்றிய ஏற்பாடு போதவில்லை என்றே நான் சொல்வேன்.

குளிர்காலம் வந்தது. அங்கே பயின்ற வங்காள இளைஞர், பிற்காலத்தில் புள்ளியியலில் பெயர்பெற்ற மகலனோபிஸ், ஒருநாள் அவர் அறைக்குச் சென்றார். இரவெல்லாம் குளிரால் தூக்கமில்லை என்றும், மேற்கோட்டையும் சால்வையையும் போர்த்திப் படுப்பதாகவும் இராமானுஜன் கூறினார். படுக்கையைப் பார்த்தால், கம்பளிகள் அதன்மேல் இழுத்துச் செருகப்பட்டு அப்படியே இருக்கின்றன! அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து உறங்கவேண்டும் என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. கரண்டி பிடிக்கக் கற்பித்தவர்கள் படுக்கக் கற்பிக்கவில்லை. பாயில் படுத்து வளர்ந்தவர்க்கு அது எப்படித் தெரியும்?

உணவும் அவ்வாறே. கல்லூரிப் பந்தியில் உண்ண மாட்டார். அறையிலேயே தாமே சமைத்துக்கொண்டார். கொட்டை நீக்கிய புளியும் நல்ல தேங்காய் எண்ணெயும் பார்சலில் அனுப்புமாறு சென்னை நண்பருக்கு எழுதினார். 1914 ஆகஸ்டில் மகாயுத்தம் மூண்டபின் காய்கறி கிடைப்பதே அரிதாயிற்று. கணக்கில் மூழ்கினால் வேளைக்குச் சமைப்பதும் இல்லை. இரண்டாண்டு என்று எண்ணிச் சென்றவர் யுத்தத்தால் திரும்ப இயலாமல் ஐந்தாண்டு தங்க நேர்ந்தது. உபகாரச் சம்பளத்தைப் பல்கலைக் கழகம் நீட்டித்துக் கொடுத்தது. உடல் நலத்தை நீட்டித்துக் கொடுப்பார் யார்? 1917-இல் நோய்வாய்ப்பட்டு மருத்துவ இல்லங்களில் மாறி மாறிக் கிடந்தார். காசநோய் என்றே அக்கால மருத்துவர் பெரும்பாலும் கருதினர். பழைய குறிப்புகளை ஆராய்ந்த மருத்துவர் யங் என்பவர், கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994-இல் எழுதினார்.

கும்பகோணத்திலும் அமைதியில்லை. மாமியார்க்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை. ஜானகி எழுதிய கடிதங்கள் கணவர் கைக்குச் செல்லாமல் தடைப்பட்டன. 1918-இல் ராயல் சங்கத்தின் உறுப்பினராகவும் டிரினிட்டி கல்லூரியின் பெல்லோவாகவும் தேர்ந்தெடுக்கப்பெற்ற பெருமை ஒருபுறமிருக்க, வீட்டிலிருந்து ஒரு வரி வாராத ஏக்கம் மறுபுறம் அவரை அரித்தது.

நாடு திரும்புமுன், ஆண்டுக்கு 250 பவுன் வீதம் மேலும் ஐந்தாண்டுகளுக்குச் சென்னைப் பல்கலைக் கழகம் அவருக்கு வழங்க முன்வந்தது. 11-1-1919-இல் பதிவாளருக்கு அவர் எழுதிய பதில், உதவித்தொகை பெறும் ஒவ்வொருவரும் அறியத்தக்கது. இத்தொகை தம் தேவைக்கு மிகுதி என்றும், பெற்றோர்க்கு ஆண்டுக்கு 50 பவுன் தந்து, தம் அவசியச் செலவுபோக எஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அநாதைகள் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் பயன்படுத்தலாம் என்றும் தெரிவித்தார். 32 ரூபாய்க் கட்டணம் கட்டமுடியாமல் ஓடிப்போன பிள்ளையல்லவா அவர்!

நாகோயா என்னும் கப்பல் அவரைக் கொண்டுவந்து இறக்கியது நம் பம்பாயில்தான், நாள் 27-3-1919. அன்னையும் தம்பியும் துறைமுகத்தில் காத்திருந்தனர். இராமானுஜன் முதலில் தேடியது ஜானகியை, அவர் வரவில்லை. செய்தியறிந்து தமையனாருடன் சென்னை வந்து சேர்ந்த அவர், அதன்பின் இறுதிவரை கணவரின் அருகிருந்து பணிவிடை செய்தார். 26-4-1920-இல் இராமானுஜன் சேத்துப்பட்டில் காலமானார்.

பல்கலைக் கழகம் ஜானகி அம்மாளுக்கு மாதம் 20 ரூபாய் உதவிப்பணம் வழங்கியது. இளம் விதவையான அவர் தமையனாரோடு பம்பாய்க்கு வந்து, சில ஆண்டுகள் இந்நகரிலேயே தங்கித் தையற்கலை பயின்றார். பின்னர்ச் சென்னைக்குத் திரும்பித் திருவல்லிக்கேணியில் குடியமர்ந்து, தையல் தைத்தும் பிறர்க்குக் கற்பித்தும் நெடுங்காலம் தம் கையாலேயே வாழ்ந்தார்.