ஜி.டி. நாயுடுவும் சவரக்கருவியும்

பாலக்காட்டிலிருந்து வாளையாறு வழியாகக் கிழக்கே சென்றால் கோயம்புத்தூரை அடையலாம். மறையூரிலிருந்து சின்னாற்றுக் காட்டைக் கடந்து மலையிறங்கினால் உடுமலைப்பேட்டை வரும். இவ்விரு வழிகளும் சென்று சேரும் கொங்கு நாட்டில், எந்தப் பொருளைக் கண்டாலும் அதைப் பிரித்து, உள்ளே இருப்பதை அறிந்த பின்னரே மறுவேலை பார்க்கும் ஒருவர் வாழ்ந்தார். அவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. ஜி.டி. நாயுடு என்றால்தான் மக்களுக்கு விளங்கும். இந்தியாவின் எடிசன் என்று அவரைப் பலரும் போற்றினர். பேருந்து, மோட்டார், வானொலி, மகிழுந்து என அவர் கைவைத்த பொருள்கள் பல. அவற்றுள் மிகச் சிறியது, ஆண்கள் நாள்தோறும் முகம் மழிக்கும் சவரக்கருவி.

நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியர் முகத்தில் மணலை வீசிவிட்டு ஓடினார் என்றொரு செய்தி அவரைப்பற்றி வழங்குகிறது. அது போற்றத்தக்க செயலன்று. ஆயினும், பள்ளியை விட்ட சிறுவன் படிப்பை விட்டுவிடவில்லை. தோட்ட வேலை செய்துகொண்டே, கையில் கிடைத்த நூல்களையெல்லாம் தானே படித்தான்.

ஒருநாள் ஆங்கில அலுவலர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் அவ்வழியே வந்தார். மாடோ குதிரையோ இழுக்காமல் ஓடும் வண்டியைத் துரைசாமி கண்டது அதுவே முதன்முறை. அதை வாங்க வேண்டும் என்னும் எண்ணம் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. கோயம்புத்தூருக்குச் சென்று, உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊர்சுற்றவில்லை. ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றித் தரையில் பரப்பி, மீண்டும் பூட்டினார். அவருடைய கல்லூரி அந்த வண்டிதான் எனலாம்.

1920ஆம் ஆண்டு அவர் ஒரே ஒரு பேருந்துடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்தைத் தொடங்கினார். உடுமலைப்பேட்டை வழியாகச் செல்லும் அதே சாலையில் இன்றும் மறையூர், மூணாறு மக்கள் பழனிக்குச் செல்கின்றனர். யு.எம்.எஸ். என்னும் பெயரில் வளர்ந்த அந்நிறுவனத்திடம் 1933ஆம் ஆண்டில் 280 பேருந்துகள் இருந்தன. பதின்மூன்றே ஆண்டுகளில் ஏற்பட்ட வளர்ச்சி இது.

பேருந்துத் தொழிலில் செல்வம் சேர்ந்தபின் நாயுடு ஐரோப்பிய நாடுகளுக்குப் பயணம் செய்தார். தொழிற்சாலைகளையும் கண்காட்சிகளையும் பார்ப்பதே அவருக்குப் பெருவிருப்பம். 1936இல் இங்கிலாந்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் கருவியாலேயே படம் பிடித்தார். ஜெர்மனியின் நுண்கருவித் தொழில் அவரை மிகவும் கவர்ந்தது. அக்காலத்தில்தான் சவரக்கருவியின் மீதும் அவர் கவனம் சென்றது.

அவர் என்ன செய்தார் என்பதை அறியுமுன், முகம் மழிப்பது எவ்வளவு நுட்பமான செயல் என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

முற்காலத்தில் முடிதிருத்துநரிடம் இருந்தது நீண்ட மடக்குக்கத்தி. அதைச் சாணைக்கல்லிலும் தோல்வாரிலும் தீட்டி, தோலின்மேல் சாய்வாகப் பிடித்து இழுப்பார். கத்தியின் சாய்வு சற்றே மாறினாலும் முகத்தில் குருதி கசியும். கத்தியில் காப்பு எதுவும் இல்லை. காப்பெல்லாம் அவர் விரல்களில் இருந்தது. அந்தத் திறனைப் பெறப் பல ஆண்டுப் பயிற்சி தேவைப்பட்டது. ஆகவே மக்கள் பலர் தாமே மழித்துக்கொள்ள அஞ்சினர்.

அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று பொருள் விற்ற ஜில்லெட் என்பவர் 1895ஆம் ஆண்டு ஒரு வழியை எண்ணினார். மெல்லிய எஃகுத் தகட்டின் விளிம்பைக் கூராக்கி, அதை ஒரு சட்டத்தில் பொருத்துவது. மழுங்கியதும் எறிந்துவிட்டு வேறு தகடு மாற்றுவது. அவ்வளவு மெல்லிய தகட்டைப் பதப்படுத்திக் கூராக்க இயலாது என்று உலோகம் அறிந்தோர் கூறினர். நிக்கர்சன் என்னும் பொறியாளர் அதைச் செய்து காட்டினார். 1903இல் விற்றவை 51 சவரக்கருவிகள் மட்டுமே. அடுத்த ஆண்டில் அத்தொகை 90,000ஐத் தாண்டியது. முதல் உலகப்போரில் அமெரிக்க வீரர்களுக்கு இக்கருவி வழங்கப்பட்டது. போர் முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு, தாமே மழித்துக்கொள்வது பழக்கமாகிவிட்டிருந்தது.

இக்கருவியில் மூன்று உறுப்புகள் உள்ளன. மேலே வளைந்த மூடி, நடுவில் பிளேடு, கீழே காப்பு விளிம்புள்ள அடித்தட்டு. கைப்பிடியைத் திருகினால் மூடியும் அடித்தட்டும் பிளேடை இறுகப் பற்றிச் சற்றே வளைக்கும். தட்டையான தாளை நிறுத்தினால் சாயும். அதையே வளைத்துப் பிடித்தால் விறைப்பாக நிற்கும். மெல்லிய பிளேடுக்கு வலிமை வருவதும் அவ்வாறே. பிடி தளர்ந்தால் பிளேடு அதிரும். அதிரும் கூர்முனை முடியை வெட்டாமல் பற்றி இழுக்கும், தோலும் எரியும்.

முகத்திற்கு இதமா, எரிச்சலா என்பதை மிகச் சிறிய அளவுகளே முடிவு செய்கின்றன. மூடியின் விளிம்பையும் அடித்தட்டின் காப்பு விளிம்பையும் தொட்டுச் செல்லும் ஒரு நேர்கோட்டை மனத்தில் வரைந்துகொள்க. பிளேடின் முனை அந்தக் கோட்டிற்கு வெளியே நீண்டிருந்தால் அது முரட்டுக் கருவி. முடியை அடியோடு ஒட்ட மழிக்கும். ஆனால் கை சற்று அழுந்தினாலும் வெட்டிவிடும். முனை கோட்டிற்குள் அடங்கியிருந்தால் அது மென்மையான கருவி. கன்றிய தோலுக்கும் புதிதாகப் பழகுவோருக்கும் அதுவே ஏற்றது. ஆனால் அடர்ந்த தாடியை ஒரே இழுப்பில் எடுக்காது. பிளேடின் முனைக்கும் காப்பு விளிம்பிற்கும் இடையே உள்ள இடைவெளியும் இவ்வாறே. இடைவெளி கூடினால் நுரையும் முடியும் எளிதில் வெளியேறும். அதே இடைவெளியில் தோலும் புடைத்து நுழையும். இதமும் ஒட்ட மழித்தலும் ஒன்றையொன்று இழுக்கும் இரு கயிறுகள் போன்றவை. ஒன்று இறுகினால் மற்றொன்று தளரும்.

பிளேடு எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும் என்பது அடுத்த வினா. தடித்த ஆப்பு மரத்தைப் பிளக்கும்போது பக்கங்களை நெருக்கித் தள்ளும். தடித்த முனையும் முடியை அறுக்குமுன் தள்ளி இழுக்கும். மெல்லிய முனை வழுக்கிக்கொண்டு உள்ளே செல்லும். அதனால் வலி குறையும், எஃகும் மிச்சமாகும். ஆனால் மெலிய மெலிய அது வளையும், ஒடியும். சாதாரண பிளேடு ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். ஆணின் தாடி மயிரின் தடிப்பும் ஏறக்குறைய அதே அளவுதான்! அதனினும் மெல்லியதாகத் தீட்டப்பட்ட முனை, நாள்தோறும் ஆயிரக்கணக்கான மயிர்களை அறுக்க வேண்டும். வெந்நீரில் நனைந்த முடி நீரை உறிஞ்சி மென்மையாகும் என்பதால்தான் பெரியவர்கள் முகத்தை நன்றாக நனைத்த பின்னர் மழிக்கின்றனர்.

இந்த அரிய வேலையில் நாயுடு இறங்கினார். மிக மெல்லிய சவர பிளேடுகளை உருவாக்கினார். வெளிநாட்டு பிளேடுகள் நம் கடைகளை நிரப்பியிருந்த காலத்தில், பள்ளிப்படிப்பும் முற்றுப்பெறாத ஒருவர் எஃகைப் பதப்படுத்தும் நுட்பத்தில் துணிந்து புகுந்தது வியப்பிற்குரியது.

அவர் அத்துடன் நிற்கவில்லை. கூர்முனை தோலைத் தொடுவதால்தானே காயம் உண்டாகிறது? தொடாமலே மழிக்கும் வழியும் அப்போது தோன்றியிருந்தது. அமெரிக்கப் படை அலுவலராக இருந்த ஷிக் என்பவரின் மின்சவரக்கருவி 1931இல் விற்பனைக்கு வந்தது. இவ்வகைக் கருவிகளில் தோலின்மேல் படுவது துளைகளோ பிளவுகளோ உள்ள மெல்லிய தகடு. முடி அத்துளைகளில் நுழையும். தகட்டின் பின்னே மோட்டாரால் அசையும் வெட்டுமுனை அதை நறுக்கும். தகடே காப்பு. நீரும் நுரையும் வேண்டா. ஆயினும் பழைய சிக்கல் இங்கும் உண்டு. தகடு தடித்திருந்தால் தோலுக்கு இதம், ஆனால் முடியின் கட்டை எஞ்சும். தகடு மெலிந்தால் ஒட்ட மழிக்கும், ஆனால் தோல் உரசிச் சிவக்கும்.

மின்சாரம் உள்ள வீட்டில்தான் அக்கருவியைப் பயன்படுத்த முடியும் என்பது மற்றொரு குறை. அந்நாளில் நம் சிற்றூர்களிலும் மலைத்தோட்டக் குடியிருப்புகளிலும் இரவில் எரிந்தவை மண்ணெண்ணெய் விளக்குகளே. மின்கம்பி வராத வீட்டில் மின்சவரக்கருவி எதற்குப் பயன்படும்? நாயுடு உருவாக்கிய கருவி இதற்கு விடையாக அமைந்தது. கைவிளக்கில் இடுவது போன்ற உலர்மின்கலங்களால் இயங்கும் சிறிய மோட்டாரை அதில் பொருத்தினார். மின்கலம் தரும் ஆற்றல் மிகக் குறைவு. ஆகவே மோட்டார் சிறியதாகவும், ஆற்றலை வீணாக்காததாகவும் இருக்க வேண்டும். கையில் அடங்க வேண்டும். கன்னத்தில் வைக்கும்போது அதிரவும் கூடாது. அக்கருவிக்கு ரசண்ட் என்று பெயர். ஜெர்மன் மொழியில் அச்சொல்லுக்கு விரைவானது என்று பொருள். இன்று கடைகளில் விற்கும், மின்கலத்தால் இயங்கும் சவரக்கருவிகளைப் பார்க்கும்போது, அதே எண்ணம் எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்னரே கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்குத் தோன்றியதை நினைத்துப் பார்க்கலாம்.

மோட்டார் அவருக்குப் புதியதன்று. 1937இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து பீளமேட்டில் நாட்டின் முதல் உள்நாட்டு மின்மோட்டார் உருவாகத் துணைநின்றவர் அவர். மண்ணெண்ணெயால் சுழலும் மின்விசிறி போன்ற ஒரு விசிறியையும், பழச்சாறு பிழியும் கருவியையும், முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவுப் பொறியையும் செய்தார். 1941இல் ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்ய முடியும் என்று அறிவித்தார். பொருள் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, எளியவர் வாங்கும் விலையிலும் இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

அந்த உறுதிக்கு அவர் எண்ணிய பயன் கிடைக்கவில்லை. 1952இல் இருவர் அமரும் பெட்ரோல் மகிழுந்தை உருவாக்கினார். அதன் விலை 2,000 ரூபாய். தொழில் நடத்த அரசின் உரிமம் வேண்டியிருந்த காலம் அது. உரிமம் கிடைக்காமையால் மகிழுந்து உற்பத்தி நின்றது. ரசண்ட் என்னும் பெயரும் இன்று வீடுகளில் வழங்கவில்லை. ஒரு பொருளைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு மனிதரின் அறிவு போதும். அதைப் பல்லாயிரக்கணக்கில் செய்து விற்பதற்கோ முதலும், ஆலையும், அரசின் இசைவும் ஒருங்கே வாய்க்க வேண்டும். நாயுடுவுக்கு முதலாவது நிறைய இருந்தது. மற்றவை எப்போதும் வாய்க்கவில்லை.

கல்வியிலும் அவர் பிறர் வழியில் செல்லவில்லை. 1945இல் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழில்நுட்பக் கல்விக்கூடம் அமையக் காரணமாகி, அதன் முதல்வராகவும் இருந்தார். பொறியியல் படிப்பிற்கு நான்கு ஆண்டுகள் மிகுதி, இரண்டே போதும் என்பது அவர் கருத்து. ஆட்சியாளர் அதை ஏற்கவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார். இரண்டு ஆண்டுகள் போதுமா என்பதில் இன்றும் பலர் அவருடன் உடன்பட மாட்டார்கள். எனினும், இயந்திரத்தைத் தொட்டுப் பிரித்துக் கற்றவருக்கு வகுப்பறை நாள்கள் நீண்டவையாகத் தோன்றியதில் வியப்பில்லை. அக்கல்விக்கூடமே பின்னாளில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்தது.

பிற்காலத்தில் பருத்தி, பப்பாளி முதலிய பயிர்களிலும் ஆய்வுகள் செய்தார். வேலையற்ற இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி அளித்தார். 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் காலமானார்.

அவர் சேர்த்த கருவிகளும் செய்த பொருள்களும் கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் உள்ள கண்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. அதே சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை சுமார் 10 கிலோமீட்டர் நீளத்தில் கட்டப்பட்ட மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டபோது, அதற்கு ஜி.டி. நாயுடுவின் பெயர் சூட்டப்பட்டது.