பல் சக்கரம் தந்த பெரு வாழ்வு

சிட்ரோன் கார்களின் முகப்பில் ஒரு சின்னம் உண்டு. கூரை முகடுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல இருக்கும். அது பறவையும் அல்ல, அம்பும் அல்ல. பல் சக்கரத்தின் பற்கள்!

அந்தச் சின்னத்துக்கு உரியவர் ஆந்த்ரே சிட்ரோன். 1878-ம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை வைர வியாபாரி. ஆந்த்ரேக்கு 6 வயதானபோது தந்தை தற்கொலை செய்து கொண்டார். ஆயினும் பிள்ளை நன்றாகப் படித்து என்ஜினீயர் ஆனார்.

போலந்தில் கண்டது

1900-ம் ஆண்டில் தாயாரின் உறவினரைக் காணப் போலந்துக்குப் போனார். அங்கே, முகடு போல வளைந்த பற்களை உடைய சக்கரத்தைக் கண்டார். உடனே அதன் உரிமையை விலைக்கு வாங்கினார்.

அதில் என்ன விசேஷம்? நேரான பல், எதிர்ப் பல்லின் மீது ஒரே வீச்சில் மோதும். அதனால் இரைச்சல் எழும். சாய்ந்த பல்லோ ஒரு முனையில் தொட்டு மெல்ல மெல்லப் படியும். ஒரு பல் விலகுமுன் அடுத்த பல் பாரத்தைத் தாங்கும். சத்தம் குறையும். ஆனால் சாய்ந்த பல் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். இரண்டு சாய்வுகளை எதிரெதிராகச் சேர்த்தால் அந்தத் தள்ளலும் நின்றுவிடும்!

ஒரு பல் கூடினால்

பற்களின் எண்ணிக்கையிலும் சூட்சுமம் உண்டு. பெரிய சக்கரத்தில் 40 பல், சிறியதில் 10 பல் என்று வைத்துக் கொள்ளுங்கள். சிறிய சக்கரத்தின் ஒரு பல், எப்போதும் அதே 4 பற்களைத்தான் சந்திக்கும். அதில் பிசிறு இருந்தால் அந்த நான்கும் மட்டும் தேயும். பெரியதில் 41 பற்கள் வைத்தால், ஒவ்வொரு பல்லும் எதிரில் உள்ள எல்லாப் பற்களையும் முறை போட்டுச் சந்திக்கும். தேய்மானம் எல்லோருக்கும் பங்காகிவிடும். மாவு மில் கட்டிய பழைய தச்சர்களுக்கே இது தெரியும்.

ஏற்றமும் இறக்கமும்

பல் சக்கரத் தொழிலில் பணம் சேர்ந்தது. முதல் உலகப் போரில் பீரங்கிக் குண்டுகள் செய்தார். போர் முடிந்ததும், 1919-ல் கார் செய்யத் தொடங்கினார். 1925 முதல் 1934 வரை ஈபிள் கோபுரத்தில் அவர் பெயர் மின் விளக்குகளால் ஜொலித்தது.

1934-ல் முன் சக்கரங்களால் இழுக்கப்படும் புதுக் காரை வெளியிட்டார். அதற்காகத் தொழிற்சாலையையே புதுப்பித்தார். கடன் மலையாகக் குவிந்தது. அவ்வாண்டின் கடைசியில் கம்பெனி திவாலாயிற்று. கடன் கொடுத்திருந்த மிச்செலின் டயர் கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. 1935 ஜூலை 3-ந் தேதி புற்றுநோயால் சிட்ரோன் காலமானார்.

அவர் கடன்பட்டுச் செய்த கார் 1957 வரை உற்பத்தியாயிற்று. 7 லட்சத்துக்கு மேல் விற்றது. அந்த வெற்றியைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

பாரத்தைப் பல பற்களுக்குப் பங்கிட்டால் சக்கரம் நெடுங்காலம் உழைக்கும். அந்த வித்தையில் பொருள் சேர்த்தவர், தம் வாழ்வின் பாரம் முழுவதையும் ஒரே காரின் மீது ஏற்றிவிட்டார்!